9 யூனிட் கரண்டுல ஒரு கார்: வூலிங் மினி இவி எப்படி அந்த விலைக்கு வந்துச்சு

2020 ஜூலை மாசம் சீனாவுல வூலிங் ஹாங்குவாங் மினி இவின்னு ஒரு குட்டி எலக்ட்ரிக் கார் இறங்குச்சு, ஆரம்ப விலை 28,800 யுவான், அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம காசுல 3 லட்சம் ரூபா சொச்சம். அதே வருஷம் ஷாங்காய்ல தயாரான டெஸ்லா மாடல் 3 கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் யுவான். வந்த கொஞ்ச மாசத்துலயே விற்பனை எண்ணிக்கையில இந்தக் குட்டி வண்டி டெஸ்லாவைத் தாண்டிருச்சு, 2021ல மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் வண்டி போச்சு. இது எப்படி முடிஞ்சுச்சுன்னு கேட்டா "அங்க கூலி கம்மி, சாமானும் மட்டம்"னு ஒரே வரியில முடிச்சுடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னா அந்த டெஸ்லாவையும் அதே நாட்டுலதான் செஞ்சாங்க. விஷயம் வேற இடத்துல இருக்கு.

முதல்ல யார் செஞ்சாங்கன்னு பார்த்துடுவோம். தெற்கு சீனாவுல குவாங்ஷி பகுதியில லியூஜோன்னு ஒரு தொழிற்சாலை ஊர், அங்கதான் வூலிங். அந்தக் காலத்துல டிராக்டர் செஞ்சுட்டிருந்த ஃபேக்டரி, 1980கள்ல சின்ன சரக்கு வண்டிக்கும் வேனுக்கும் மாறுனாங்க. 2002ல ஷாங்காயோட சைக் கம்பெனி, அமெரிக்காவோட ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்), வூலிங் மூணும் சேர்ந்து கூட்டுக் கம்பெனி ஆச்சு, இப்ப பங்கு சைக் 50.1 சதவீதம், ஜிஎம் 44, வூலிங் 5.9. இவங்க வேனை சீனாவுல ரொட்டி வண்டின்னு சொல்வாங்க, பார்க்க முழு பிரெட் பாக்கெட் மாதிரி இருக்கும்ங்கறதால. கிராமத்துல காய்கறி ஏத்துறவங்க, சின்ன கடைக்காரங்க, கட்டட வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போறவங்கதான் இவங்க கஸ்டமர், ஒவ்வொரு யுவானையும் எண்ணிப் பார்த்து வாங்குற ஆளுங்க. அவங்களுக்கு வித்துப் பழகுன கம்பெனிங்கறது இந்தக் கதையில ரொம்ப முக்கியம்.

மினி இவிக்கு முன்னாடி ஒரு ஒத்திகை நடந்துச்சு. 2017ல பாவ்ஜுன் இ100ன்னு ரெண்டே சீட் போட்ட ஒரு எலக்ட்ரிக் வண்டி விட்டாங்க, நீளம் இரண்டரை மீட்டர்தான், அடுத்த வருஷம் இ200. லியூஜோ நகராட்சியோட சேர்ந்து ஆயிரக்கணக்கான ஊர்க்காரங்ககிட்ட வண்டியை இலவசமா ஓட்டிப் பாருங்கன்னு குடுத்தாங்க, ரோட்டோரமா பெரிய கார் நிக்க முடியாத மூலைகளை எல்லாம் குட்டி பார்க்கிங் ஆக்கி பக்கத்துலயே சார்ஜ் பாயிண்ட் வச்சாங்க. அப்படி ஓட்ட விட்டுப் பார்த்ததுல தெரிஞ்சது என்னன்னா ஜனங்க ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட்னு ஒரு நாளைக்கு ஓட்டுறது கொஞ்ச தூரம்தான், ஆனா ரெண்டு சீட் பத்தல, பிள்ளைய எங்க உட்கார வைக்கறதுன்னு கேட்டாங்க. மினி இவி நாலு சீட்டோட வந்ததுக்குக் காரணம் இதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எலக்ட்ரிக் கார்லயே ரொம்ப விலை கூடுன சாமான் பேட்டரிதான். நம்ம வீட்டு மீட்டர்ல ஓடுற ஒரு யூனிட் இருக்கே, அந்தக் கணக்குலயே பேட்டரியையும் சொல்லலாம். அந்த வருஷ மாடல் 3ல சுமார் 55 யூனிட் பேட்டரி. மினி இவியோட அடிப்படை மாடல்ல வெறும் 9.3 யூனிட், அதுக்கு கம்பெனி சொன்ன தூரம் 120 கிலோமீட்டர், கொஞ்சம் பெரிய மாடல்ல 13.9 யூனிட், 170 கிலோமீட்டர். ரோட்ல நிஜமா ஓட்டுனா இதைவிட கம்மியாதான் வரும், ஆனா தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு அது போதும். பேட்டரிய ஆறுல ஒரு பங்கு ஆக்குன உடனே விலை மட்டும் இறங்கல, எடையும் இறங்குது, எடை இறங்குனா மோட்டார் சின்னது போதும், டயர் சின்னது போதும், பிரேக் சின்னது போதும், சேஸிஸ் அவ்வளவு கனமா வேண்டாம், அதெல்லாம் குறைஞ்சா எடை இன்னும் குறையுது, அப்ப அதே 9 யூனிட்ல இன்னும் கொஞ்ச தூரம் ஓடுது. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு கூடவே வருது. கடைசியில வண்டி எடை 665 கிலோவுல வந்து நின்னுச்சு, மாடல் 3 அதைவிட ஒரு டன்னுக்கும் மேல கனம்.

மோட்டார் 20 கிலோவாட், அதாவது 27 குதிரைசக்தி. இது போதுமான்னு சந்தேகம் வரும், நானே ஒரு தடவை பேப்பர் எடுத்து கணக்கு போட்டுப் பார்த்தேன். ரெண்டு பேரோட வண்டி 850 கிலோன்னு வச்சுக்குங்க, சமதரையில 40 கிலோமீட்டர் வேகத்துல சீரா போகும்போது டயர் உருளுற உராய்வையும் காத்து தள்ளுறதையும் சமாளிக்க தேவைப்படுறது சுமார் ஒன்றரை கிலோவாட், அவ்வளவுதான், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு எடுக்குற கரண்ட். அதே வண்டி 100ல போனா சுமார் 12 கிலோவாட் வேணும். வேகம் இரண்டரை மடங்குதான் கூடுது, சக்தியோ எட்டு மடங்கு கூடுது, ஏன்னா டயர் உராய்வுக்கான சக்தி வேகத்தோட சேர்ந்து சீராத்தான் ஏறும், ஆனா காத்தைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தோட மும்மடிக்கு, அதாவது வேகம் ரெண்டு மடங்குன்னா 2×2×2ன்னு எட்டு மடங்கு, ஏத்த மாதிரி ஏறும். டவுனுக்குள்ள ஓடுற வண்டிக்கு அந்த மும்மடிப் பக்கமே போக வேண்டிய அவசியம் இல்ல, அதனால உச்ச வேகத்தை 100ல நிறுத்திட்டாங்க, மிச்ச சக்தி சிக்னல்ல இருந்து கிளம்பவும் மேம்பாலம் ஏறவும் போதும்.

எனக்கு இந்த வண்டியில ரொம்பப் பிடிச்ச இடம் சார்ஜிங். வண்டியோட மூக்குலதான் சார்ஜ் போடுற இடம், வீட்டு 220 வோல்ட் ப்ளக்ல மாட்டுனா சின்ன பேட்டரி ஆறரை மணி நேரத்துல ஃபுல் ஆகும், பெருசு 9 மணி நேரம். வகுத்துப் பாருங்க, ரெண்டும் மணிக்கு ஒன்றரை யூனிட்தான் வருது, ஒரு ஒன்றரை டன் ஏசி எடுக்குற அளவு. ஃபாஸ்ட் சார்ஜ் வசதியே ஆரம்பத்துல கிடையாது. இதைக் குறைன்னு சொல்வாங்க, ஆனா இதனாலதான் பெரிய மிச்சம் நடந்துச்சு. கம்பி வழியாவோ பேட்டரி செல் வழியாவோ கரண்ட் போகும்போது வர்ற சூடு, கரண்டோட இருமடிக்கு ஏத்த மாதிரி ஏறும். ஆறு மணி நேரம் எடுக்கற சார்ஜை ஒரு மணி நேரத்துல ஏத்தணும்னா கரண்ட் ஆறு மடங்கு, அப்ப ஒவ்வொரு நொடியும் வர்ற சூடு 6×6, அதாவது 36 மடங்கு. அந்தச் சூட்டை வெளியேத்தத்தான் பெரிய எலக்ட்ரிக் கார்கள்ல பேட்டரிக்கு கூலன்ட் குழாய், பம்ப், ரேடியேட்டர், வால்வு, அதுக்கெல்லாம் ஒரு கன்ட்ரோலர்னு ஒரு பெரிய சமாசாரமே இருக்கு. ராத்திரி மெதுவா ஏத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டா இது எதுவுமே வேண்டாம், காத்து பட்டாலே போதும், மினி இவில அப்படித்தான்.

ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல இந்த வண்டியை ஒண்ணு விடாம பிரிச்சுப் பார்த்திருக்காங்க. காத்துலயே குளிரூட்டுற அமைப்பையும், காருக்குன்னே தனியா செய்யாத, மத்த மின்சாதனங்கள்ல போடுற சாதாரண வகை எலக்ட்ரானிக்ஸ் சாமான்களையும் பார்த்திருக்காங்க. கார் தரத்துல ஒரு சிப் செய்யறதுன்னா பல வருஷ அதிர்வுக்கும் சூட்டுக்கும் குளிருக்கும் தாங்குற மாதிரி சோதிச்சுதான் குடுப்பாங்க, விலை பல மடங்கு. வூலிங்காரங்க என்ன நினைச்சிருக்காங்கன்னா, கெட்டா கழட்டி வேற போட்டுக்கலாம், அதுக்குத் தோதா வச்சிருக்கலாம்னு. ரொட்டி வண்டிக்காரங்களுக்கு சர்வீஸ் பண்ணிப் பழகுனவங்களுக்கு இது இயல்பா வர்ற யோசனை.

பேட்டரி செல் விஷயத்துல இந்த வண்டிகள்ல அதிகமா வந்தது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. இதுல நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது, அதனால மலிவு, சூடானாலும் சட்டுன்னு தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் போட்டாலும் தாங்கும். எடைக்கு ஏத்த சக்தி மட்டும் கொஞ்சம் கம்மி, 55 யூனிட் போடுறப்ப அது பெரிய விஷயம், 9 யூனிட்டுக்கு பொருட்டே இல்ல. குளிர்தான் இதுக்கு எதிரி. கடுங்குளிர்ல செல்லுக்குள்ள அயனி நகர்றது மந்தமாயிடும், அதோட ஹீட்டரையும் போட்டா அது ஒன்றரை ரெண்டு கிலோவாட் இழுக்கும், மேல பார்த்தோமே, 40ல ஓட்டுறதுக்கே அவ்வளவுதான் ஆகுது, அப்ப பாதி கரண்ட் ஓட்டுறதுக்கு, பாதி கால் கையை சூடாக்கிக்கறதுக்கு. வட சீனாவுல குளிர்காலத்துல இதை வச்சிருக்கறது கஷ்டம்தான்.

அளவை சொல்லிடுறேன், நீளம் 2.917 மீட்டர், நம்ம நானோவை விட ஒரு ஜாண் கம்மி. அகலம் ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் கீழ, சக்கரம் 12 இன்ச். மோட்டார் பின் அச்சுலயே உட்கார்ந்திருக்கு, பேட்டரி சீட்டுக்குக் கீழ, முன்னாடி என்ஜினே இல்லாததால சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளிட்டு நடுவுல மனுஷங்களுக்கு இடம் விட்டாங்க. கியருக்கு ஒரு திருகு, பெரிய டச் ஸ்கிரீன்லாம் இல்ல. நாலு பேர் உட்கார்ந்தா பின்னாடி ஒரு ஸ்கூல் பையைத் தவிர எதுவும் வைக்க முடியாது, பின் சீட்டை மடக்குனா 741 லிட்டர், வாஷிங் மிஷின் பெட்டியே ஏறும்.

ஒரு இடத்துல மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறல. முதல்ல வந்த மாடல்கள்ல ஏர்பேக் கிடையாது, பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற ஏபிஎஸ் மட்டும் குடுத்தாங்க. ரொம்ப மலிவான மாடல்ல ஏசியும் இல்ல, அதை விடுங்க, வேர்வையைத் துடைச்சுக்கலாம். ஆனா கூலன்ட் பம்பை எடுத்ததுக்கு பின்னாடி ஒரு பௌதிகக் காரணம் இருக்கு, அது தேவைப்படாததால எடுத்தாங்க, ஏர்பேக் அப்படி இல்ல, மூணு மீட்டர்கூட இல்லாத வண்டியில மோதலைத் தாங்க முன்னாடி இடமே கம்மி, அங்கதான் அது கண்டிப்பா வேணும். 2021 ஏப்ரல்ல வந்த மக்கரோன் மாடல்ல டிரைவருக்கு ஒரு ஏர்பேக் போட்டாங்க, விலை 37,600ல ஆரம்பிச்சுது.

அந்த மக்கரோன் வந்தப்ப விற்பனை இன்னொரு பக்கம் திரும்புச்சு. அவகாடோ பச்சை, எலுமிச்சை மஞ்சள், பீச் பழ ரோஸ்னு மூணு கலர், இளம்பெண்கள் நிறைய வாங்குனாங்க, வாங்குனதும் ஸ்டிக்கர் ஒட்டி, பெயிண்ட் அடிச்சு ஒவ்வொருத்தரும் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டாங்க. ஏழை வண்டின்னு பேரு வாங்காம போனதுக்கு அந்தக் கலர் ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கறேன். இன்னொரு பக்கம், சீனாவுல லைசென்சும் நம்பர் பிளேட்டும் இல்லாம ஈய பேட்டரி போட்டு ஓடுற குட்டி நாலுசக்கர வண்டிகள் லட்சக்கணக்குல இருந்துச்சு, தாத்தா சந்தோஷம்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு செல்லப்பேரே உண்டு, அதை வாங்க நினைச்சவங்களும் கொஞ்சம் காசு சேர்த்து முறையான காரா இதை வாங்குனாங்க.

அரசாங்க மானியத்துலதான் இந்த விலைன்னு ஒரு பேச்சு உண்டு. 2020ல மானியம் வாங்கணும்னா ஒரு சார்ஜுக்கு குறைஞ்சது 300 கிலோமீட்டர் ஓடணும்னு விதி, 120 ஓடுற வண்டிக்கு அதுல ஒரு யுவான் கிடையாது. உதவுனது வேற ஒரு விதி. கார் கம்பெனிகள் விக்கற பெட்ரோல் கார் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி எலக்ட்ரிக் கார் கிரெடிட் காட்டணும், இல்லாதவங்க இருக்கறவங்ககிட்ட காசு குடுத்து வாங்கிக்கணும். 2020ல இந்த 120 கிலோமீட்டர் வண்டி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கிரெடிட்டுக்கு மேல கிடைச்சுது, அடுத்த வருஷம் ஃபார்முலா மாறி ஒண்ணு சுமாருக்கு குறைஞ்சுது. வண்டி வித்து வர்ற லாபம் ரொம்பக் கம்மி, இந்தக் கிரெடிட்டை விக்கறதுல வர்ற காசு கைகொடுத்துச்சு.

2023 தொடக்கத்துல மொத்த விற்பனை 10 லட்சத்தைத் தாண்டுச்சு. ஆனா அதுக்குள்ள காத்து மாறிடுச்சு. 2021 ஆரம்பத்துல டன்னுக்கு 50,000 யுவான் சுமாருக்கு இருந்த லித்தியம் கார்பனேட், அதாவது பேட்டரிக்கான மூலப்பொருள், 2022 கடைசியில பத்து மடங்குக்கு மேல ஏறிருச்சு, இவங்களும் விலையை ஏத்த வேண்டியதாப் போச்சு. சாங்கான் லூமின், ஜீலி பாண்டா மினின்னு அதே அளவுல போட்டி வந்துச்சு, 2023ல பிஒய்டி சீகல் 73,800 யுவானுக்கு நாலு கதவு, 300 கிலோமீட்டர்னு இறங்குச்சு, விற்பனை அந்த வருஷம் நல்லாவே சரிஞ்சுது. வூலிங்கும் 17.3 யூனிட் பேட்டரி, ஃபாஸ்ட் சார்ஜ்னு ஏத்துனாங்க, 2025ல பின் சீட்டுக்கும் கதவு வச்சு 3.256 மீட்டர் நீளத்துல 44,800 யுவானுக்கு ஒண்ணு விட்டாங்க. ஃபாஸ்ட் சார்ஜ் வந்தா சூடும் கூடவே வரும், சூடு வந்தா அதைச் சமாளிக்கற செலவும் வரும், ஒவ்வொரு படியிலயும் அந்த 28,800 கொஞ்சம் கொஞ்சமா தூரமாப் போயிட்டே இருந்துச்சு.

இந்தக் குடும்பத்து வண்டி ஒண்ணு நம்ம ரோட்லயும் ஓடுது. அதே வூலிங் பிளாட்ஃபார்ம்ல, அதாவது வண்டியோட அடிப்படை அமைப்புல, ஏர் இவின்னு ஒரு மாடல் 2022ல இந்தோனேசியாவுல வந்துச்சு, பாலியில ஜி20 மாநாட்டுக்கு அதிகாரப்பூர்வ வண்டியா ஓடுச்சு, அதைத்தான் 2023ல குஜராத் ஹாலோல் ஃபேக்டரியில செஞ்சு, சைக் கம்பெனியோட எம்ஜி பிராண்ட்ல எம்ஜி காமெட்னு விட்டாங்க. 17.3 யூனிட் பேட்டரி, மோட்டார் பின்னாடி, நீளம் 2.974 மீட்டர். எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டு அண்ணன் ஒண்ணு வச்சிருக்கார், ரெண்டு பைக் நிறுத்துற இடத்துல நெருக்கி நிறுத்திட்டு ஏசி ப்ளக் மாதிரி ஒரு பெரிய ப்ளக்ல வயரை மாட்டி விட்டுட்டுப் போயிடுவார். ஒரு நாளைக்கு எவ்ளோண்ணா ஓட்டுறீங்கன்னு கேட்டேன். "ஆபீஸ் போய்வர இருபத்திரண்டு, சாயங்காலம் பாப்பா டியூஷன் ஒரு மூணு"ன்னார். ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும்தான் அந்த வயர் மாட்டியிருக்கும்.