பழைய கால்சட்டை சொன்ன கணக்கு

"சின்சே, இவன் வளர்றதுக்கு மருந்து குடுங்க."

ஒன்பது வயதுப் பையனோடு வந்த அம்மா, உட்காரும் முன்பே கேட்டார். (மலேசியாவில் சீன வைத்தியம் பார்க்கிறவர் தமிழரானாலும் சின்சேதான்.) கையில் மான்கொம்புச் சீவல். சீன மருந்துக் கடையில் யாரோ சொல்லி வாங்கியது.

எங்கள் வைத்தியத்தில் எலும்பு சிறுநீரகத்தின் பொறுப்பு. அது ஸ்கேனில் தெரியும் உறுப்பல்ல. பெற்றோர் தந்த 'ஜிங்' என்னும் சாரத்தைக் காக்கும் இயக்கம். அது குறைந்தால் வளர்ச்சி பிந்தும் என்பது பழைய கணக்கு. மான்கொம்பு அதற்கான சூட்டு மருந்து.

ஆனால் சீனக் குழந்தை வைத்தியத்தின் முன்னோடி சியென் யீ என்ன செய்தார்? 1119இல் தொகுக்கப்பட்ட அவருடைய நூலில், பெரியவர்களுக்கான எட்டு மூலிகை மாத்திரையிலிருந்து சூடான இரண்டை நீக்கி ஆறாக்கினார். உச்சிக்குழி மூடாத பிள்ளைகளுக்கான மருந்து அது. குழந்தை உடம்பில் சூட்டுக்குக் குறைவில்லை என்பது அவர் பார்வை. அவர் எடுத்துப் போட்ட சூட்டை நாம் காசு கொடுத்து வாங்கி ஊட்டுகிறோம்.

பெற்றோர் தந்தது கைமுதல் என்றால், எங்கள் வைத்தியத்தில் மண்ணீரல்தான் மாத வருமானம். சாப்பாடு செரித்துச் சத்தாவது அதனால். பையனிடம் விசாரித்தேன். காலையில் ஐஸ் மைலோ மட்டும், இரவு பதினொன்று வரை கைப்பேசி. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டை ஒட்டிய தோலைக் கீழிருந்து மேலாகக் கிள்ளி உருட்டிவிடுவேன். பசி எடுக்கும். சென்டிமீட்டருக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

"போன வருஷ ஸ்கூல் கால்சட்டை பத்துதா?"

"இன்னும் அதையேதான் போடுறான் சின்சே."

எனக்கு உறுத்தியது அங்கேதான். நாலு வயதிலிருந்து பருவமடையும் வரை பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். இவன் பள்ளி அளவுப்படி ஓராண்டில் 3 செ.மீ.தான். குள்ளமாக இருப்பதைவிட, வளர்ச்சி நின்றுபோவதுதான் பயம். கை சில்லிட்டிருந்தது, மலச்சிக்கல், எப்போதும் சோர்வு. என் ஏட்டில் இதற்குப் பெயர் 'யாங்' குறைவு, அதாவது உடம்புச் சூட்டின் குறைவு. கடைக்காரர் சொன்னதும் ஏட்டுப்படி சரிதான்!

சீவலை வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டு, குழந்தை மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவு என்று வந்தது. மான்கொம்பு ஆறு மாதம் ஓடியிருந்தால் அந்த ஆறு மாதமும் வீண்.

மாத்திரை தொடங்கி ஓராண்டு ஆகிறது. போன வாரம் வந்தபோது, இந்த வருஷம் இரண்டு முறை கால்சட்டை வாங்கியாயிற்று என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.