உகாண்டாவில் குழந்தையைத் தத்தெடுக்க வெளிநாட்டவருக்கு என்ன விதி?

ஆப்பிரிக்காவில் தத்தெடுப்பு சுலபம், சில மாதங்களில் வேலை முடிந்துவிடும் என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. அங்கே நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. எத்தியோப்பியா 2018-ல் வெளிநாட்டவர் தத்தெடுப்பதையே தடை செய்துவிட்டது. கென்யா 2014-ல் நிறுத்திவைத்தது. உகாண்டாவில் கதவு திறந்திருக்கிறது, ஆனால் அங்கே போய் வாழத் தயாராக இருப்பவருக்கு மட்டும்.

முக்கியமான விதி, குழந்தைகள் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தம். வெளிநாட்டவர் உகாண்டாவில் குறைந்தது ஓராண்டு தங்கியிருக்க வேண்டும். தத்தெடுக்கப்போகும் குழந்தையையும் குறைந்தது ஓராண்டு தன் வீட்டில் வைத்து வளர்த்திருக்க வேண்டும். இந்த வளர்ப்புக் காலத்தை நன்னடத்தை மற்றும் சமூக நல அலுவலர் கண்காணிப்பார். அவரது அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு இது மூன்று ஆண்டாக இருந்தது. அப்படியானால் சட்டம் தளர்ந்துவிட்டதா? இல்லை, உண்மையில் இறுகியிருக்கிறது.

பழைய மூன்றாண்டு விதியைப் பெரும்பாலோர் தொடவே இல்லை. குழந்தைக்குச் சட்டப்படியான பாதுகாவலர் என்று உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கிக்கொண்டு, விமானம் ஏறிச் சொந்த நாட்டில் போய்த் தத்தெடுத்துக்கொண்டார்கள். படிக்க வைக்கிறோம் என்று கிராமத்துப் பெற்றோரிடம் சொல்லிக் குழந்தைகளை வாங்கி வந்த கும்பல்களுக்கும் இதுதான் வழி. இப்படியொரு மோசடிக்காக 2020-ல் அமெரிக்க நிதித்துறை உகாண்டா நீதிபதிகள் இருவர் மீதே தடை விதித்தது. 2016 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. உகாண்டா குடிமகன் அல்லாதவர் பாதுகாவலர் உத்தரவுக்கு இப்போது விண்ணப்பிக்கவே முடியாது. அப்படி வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற நிபந்தனைகளில் பெரிய சிக்கல் இல்லை. விண்ணப்பிப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், குற்றப் பின்னணி கூடாது. இவர் தத்தெடுக்கத் தகுதியானவர் என்ற அறிக்கையும், உகாண்டா உத்தரவை ஏற்போம் என்ற உறுதியும் சொந்த நாட்டிலிருந்து வர வேண்டும். துணையின்றித் தனியாக விண்ணப்பிக்கும் ஆண் ஒரு பெண் குழந்தையையோ, அப்படி விண்ணப்பிக்கும் பெண் ஓர் ஆண் குழந்தையையோ கேட்டால், சிறப்புக் காரணம் இருந்தால்தான் கிடைக்கும். குழந்தைக்கு 14 வயது ஆகியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். பெற்றோர் யாரென்று தெரிந்தால் அவர்கள் சம்மதமும் தேவை. உத்தரவு வரும்வரை அவர்கள் மனம் மாறலாம். நியாயமான விதிதான், வளர்ப்பவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தாலும்.

வெளிநாட்டவர் மனு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். சொந்தக் குடும்பம், உறவினர், உள்ளூர் வளர்ப்பு வீடு என்று எதுவும் கைகூடாதபோதுதான் வெளிநாட்டுத் தத்து என்று சட்டமே சொல்கிறது. அதனால் முதல் கேள்வி, இந்தக் குழந்தைக்கு ஊரில் யாருமே இல்லையா என்பதாகத்தான் இருக்கும். விதிவிலக்கான சூழலில் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

ஆக, ஏற்கெனவே உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வேலையோ வியாபாரமோ செய்துகொண்டிருப்பவருக்குத்தான் இது நடைமுறையில் சாத்தியம். அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம்: நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா இருக்கிறது, உகாண்டா இல்லை. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் தத்தெடுக்கும்போது, முதலில் அந்நாட்டுச் சட்டப்படி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்பது இந்திய விதி. உகாண்டா பாஸ்போர்ட்டோடு குழந்தை இந்தியா வர விசா வேண்டும். இந்தியத் தூதரகம் ஆவணங்களைச் சரிபார்த்துத்தான் அதைத் தரும். எனவே வளர்ப்புக் காலம் தொடங்குவதற்கு முன்பே தூதரகத்தில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.