புல்வெளியைச் சரக்காக்கிய ரயில்

சரக்கு இல்லாத ஊருக்கு ரயில் விட்டால் கம்பெனிக்கு நஷ்டம்தான். 1860-களில் அமெரிக்காவின் நடுவில் மிசௌரி ஆறு தொடங்கி ராக்கி மலை வரை புல்வெளி கிடந்தது. லகோட்டா, ஷையேன் பழங்குடி மக்களும் கோடிக்கணக்கான காட்டெருமைகளும் அங்கே வாழ்ந்தார்கள். மூட்டை அனுப்பத்தான் ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் யார் தண்டவாளம் போடுவார்கள்?

அரசு நிலத்தைக் காட்டி ஆசை மூட்டியது. 1862 சட்டப்படி, போடும் ஒவ்வொரு மைலுக்கும் தலா 640 ஏக்கர் கொண்ட 10 சதுரங்கள். 1864-ல் அது 20 ஆனது. ஒற்றைப்படை எண் சதுரம் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகைதான். வயோமிங் மாநிலத்தில் இன்னமும் அப்படியே இருக்கிறது. ஒரு அரசுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்ததற்குக் கால் வைப்பது பக்கத்துத் தனியார் கட்டத்தில் அத்துமீறலா என்று சில ஆண்டுகளுக்கு முன்புகூட வழக்கு நடந்தது! அரசு தன் பங்கை, அதே 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ், ஐந்து வருடம் தங்கி உழுபவர்களுக்கு 160 ஏக்கர் வரை கிட்டத்தட்ட இலவசமாகவே கொடுத்தது. குடியேறுகிறவர் விளைவிப்பதெல்லாம் ரயிலில்தானே ஏற வேண்டும்?

ஆனால் கோதுமைக்கு முன்னால் ஏறியது தோல். காட்டெருமைத் தோலை உறுதியான தோலாகப் பதனிடும் வழி 1871 வாக்கில் கைவந்தது. கிழக்கே தொழிற்சாலை இயந்திரங்களுக்கு பெல்ட் தேவைப்பட்டது. மறு வருடமே கான்சஸின் டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் தோலை உரித்துக்கொண்டு உடலை அங்கேயே அழுகவிட்டார்கள். அப்புறம் எலும்பும் ஏறியது: உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும். 1880-களின் முடிவில் மிஞ்சியவை சுமார் ஆயிரம். அந்த விலங்கை நம்பி வாழ்ந்த பழங்குடிகளுக்கு உணவும் கூடாரமும் ஒன்றாகவே போயின.

அடுத்து புல். பல அடி ஆழம் இறங்கும் அதன் வேர்தான் காற்றிலும் வறட்சியிலும் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. புல்வெளியின் ஊடே போகும் 100-வது மேற்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே பெரும்பாலும் ஆண்டுக்கு 20 அங்குலத்துக்கும் குறைவான மழைதான். அங்கே 160 ஏக்கர் உழவால் குடும்பம் பிழைக்காது. மேய்ச்சலுக்கு 2,560 ஏக்கர் கொடுங்கள், நீர் இருக்கும் இடத்தைப் பார்த்து எல்லை போடுங்கள் என்று 1878-லேயே எழுதினார் அரசுக்காக மேற்குப் பகுதியை ஆய்வு செய்த ஜான் வெஸ்லி பவல். யார் கேட்டார்கள்? உழுதால் மழை தானே வரும் என்ற பேச்சுதான் எடுபட்டது. நிலம் விற்கிறவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன!

1890-களின் வறட்சியில் பலர் ஊரைக் காலி செய்தார்கள். அதற்கும் அரசின் பதில், 1909-ல் 320 ஏக்கர். முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏற, டிராக்டரும் வர, மிச்சப் புல்லும் புரட்டப்பட்டது. 1930-களில் மழை பொய்த்ததும், பிடித்துவைக்க வேர் இல்லாத மேல்மண் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதியில் பட்டப்பகலிலேயே இருட்டியது. கொடுத்த நிலத்தில் ஒரு பகுதியை அரசே விலைக்குத் திரும்ப வாங்கிப் புல் விதைத்தது. தென்மேற்கு கான்சஸின் சிமரோன் தேசியப் புல்வெளி அப்படி வந்ததுதான்.