90 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை வரவில்லையா? ஜாமீன் உங்கள் உரிமை

கொலை வழக்கில் ஒருவர் சிறையில் இருக்கிறார். 90 நாள் முடிந்தும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. 91-ஆம் நாள் அவர் ஜாமீன் கேட்டால் நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது, சாட்சியம் எவ்வளவு வலுவானது என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. வக்கீல்கள் இதை ‘டிஃபால்ட் பெயில்’ என்பார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவில் இருக்கிறது.

மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60. வணிக அளவு (சட்டம் வரையறுத்த பெரிய அளவு) போதைப்பொருள் வழக்குகளில் 180 நாள். அரசு வக்கீலின் அறிக்கையைப் பார்த்து நீதிமன்றம் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம்.

குழப்பம் வருவது ‘10 ஆண்டு வரை’ தண்டனை உள்ள குற்றங்களில்தான். குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை வைத்துச் சொன்னது. புதிய சட்டத்தில் வாசகம் சற்று மாறியிருப்பதால் போலீஸ் தரப்பு 90 என்று வாதிட இடம் இருக்கிறது. எதற்கும் 61-ஆம் நாளே மனு போட்டுவிடுவது நல்லது.

நாட்களை எண்ணுவது கைதான தேதியிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) தேதியிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-ல் தீர்ப்பானது.

இந்த உரிமை தானாகக் கைக்கு வராது, கேட்க வேண்டும். கெடு முடிந்தும் சும்மா இருந்துவிட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. பிறகு சாதாரண ஜாமீன் மனுதான். கேட்ட பிறகு வந்தால் பாதிப்பில்லை. சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கில், காலையில் ஜாமீன் மனு போட்டார்கள். மாலைக்குள் அதிகாரிகள் அவசரமாகக் கூடுதல் புகாரை (இத்தகைய வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு இணையானது) தாக்கல் செய்தார்கள். அது செல்லாது, ஜாமீன் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அந்த 2020-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து போன இன்னும் இரண்டு வழக்குகளிலும் உயர் நீதிமன்ற உத்தரவு திருத்தப்பட்டது. கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டிக் கெடுவை நீட்ட முடியாது என்றது ஒன்று. இந்த ஜாமீனுக்கு 8 லட்ச ரூபாய் கட்டு என்று நிபந்தனை போடக் கூடாது என்றது மற்றொன்று.

ஆனால் ஜாமீன்தாரர்கள் தேவை. உத்தரவு வாங்கிவிட்டு, சொன்ன அவகாசத்துக்குள் ஆள் கொண்டுவர முடியாமல் போய், இடையில் குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஏழைகள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே கெடு முடியும் முன்பே ஜாமீன்தாரர்களையும் அவர்களுடைய ஆவணங்களையும் தயாராக வைத்திருங்கள்.

வெளியே வந்தாலும் வழக்கு நடக்கும். குற்றப்பத்திரிகை பின்னால் வந்தது என்பதற்காக மட்டும் இந்த ஜாமீனை ரத்து செய்ய முடியாது. அப்புறம், குண்டர் சட்டத்தில், அதாவது தடுப்புக் காவலில், போட்டிருந்தால் இந்த ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாது. அந்த உத்தரவைத் தனியாக எதிர்க்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.