நெகிழ்வு மின்னேற்றம்: 'ஸ்மார்ட் சார்ஜிங்' பற்றி

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி மின்காரைச் சார்ஜரில் மாட்டுகிறோம். அடுத்த நாள் காலை ஏழு மணி வரை வண்டிக்கு வேலை இல்லை. தேவைப்படுவது 28 யூனிட் என்றால், 7 கிலோவாட் சார்ஜருக்கு நான்கு மணி நேரம் போதும். கையில் இருப்பதோ பதிமூன்று மணி நேரம். அதில் எந்த நான்கு என்பதை மின்தொகுப்பின் (மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலைப்பின்னல், 'கிரிட்') நிலையைப் பார்த்து முடிவு செய்வதற்குத்தான் ஸ்மார்ட் சார்ஜிங் என்று பெயர். 28 யூனிட் 28 யூனிட்டாகவே இருக்கும். நேரமும் வேகமும்தான் வளைந்து கொடுக்கும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் 'சார்ஜ்'. அதன் வேர், வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்' என்ற லத்தீன் சொல். அதில் பிறந்த 'வண்டியில் பாரம் ஏற்று' என்னும் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'கார்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். நம் 'ஏற்று' தற்செயலாக அதே பொருளைச் சுமக்கிறது என்பதால் மின்னேற்றம் மிகப் பொருத்தம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும் மின்னூட்டம் இயற்பியலில் துகளின் பண்பு; அதை இங்கே கொண்டுவந்தால் குழப்பம். பேச்சில் 'சார்ஜ் போடு' இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்கல் 'ஸ்மார்ட்'டில்தான். பழைய ஆங்கிலத்தில் அது சுரீரென்ற வலி. பிறகு சுறுசுறுப்பு, கெட்டிக்காரத்தனம் என்று நகர்ந்து கைபேசி வரை வந்துவிட்டது. நாமும் திறன்பேசி, சீர்மிகு நகரம் என்று ஆக்கிக்கொண்டோம். ஆனால் 'திறன்மிகு மின்னேற்றம்' என்றால் வேகமாக ஏறும் சார்ஜர் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் நடப்பில் உள்ள விதியைப் பார்த்தால் பொருள் தெளியும். வீட்டுச் சார்ஜர் வரும்போதே, வேலை நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் இரவு 10 வரையும் மின்சாரம் இழுக்காதபடி அமைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு நிபந்தனை எனக்குப் பிடித்தது. குறித்த நேரம் வந்ததும் சார்ஜர் உடனே தொடங்காது. பத்து நிமிடம் வரை ஏதோ ஒரு கணக்கில் தாமதிக்கும். வீட்டுக்கு வீடு தாமதம் வேறு, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. மலிவுக் கட்டணம் தொடங்கும் அதே நொடியில் லட்சம் வண்டிகள் 7 கிலோவாட் வீதம் இழுத்தால் 7 லட்சம் கிலோவாட், அதாவது 700 மெகாவாட், ஒரே மூச்சில் ஏறும். நொடிக்கு 50 சுற்று (50 ஹெர்ட்ஸ்) என்று நிற்க வேண்டிய மின்தொகுப்பின் அலைவெண் சரியும்.

'இரவு மின்னேற்றம்' என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் 2023இல் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிட 20 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும் என்கின்றன. வண்டி அலுவலக வளாகத்தில் நிற்கும் நண்பகல்தான் இங்கே ஏற்ற நேரம்.

ஆகவே நெகிழ்வு மின்னேற்றம் என்பதே என் தேர்வு. வண்டியின் பேட்டரியிலிருந்து மின்தொகுப்புக்கே மின்சாரத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு, அமெரிக்காவில் வில்லெட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டெண்ட்ரேயும் 1997இல் முன்வைத்தது, இதன் அடுத்த படி. அதற்கு இருவழி மின்னேற்றம் என்று தனிச்சொல் வேண்டும். நெகிழ்வுக்கு நேரம் பார்க்கும் சார்ஜர் போதும், இருவழிக்கு வண்டியும் சார்ஜரும் அதற்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும்.