எழுத்துள்ள கல்லுக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள்

குளக்கட்டுத் திருத்த வேலை ஒன்றில் பெக்கோ இயந்திரம் ஒரு கல்லைக் கிளப்பிவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வட்ஸ்அப்பில் எனக்குப் படம் அனுப்பினார். மண் ஒட்டிய கருங்கல், அதன் ஒரு முகத்தில் ஐந்தாறு வரி எழுத்து. "இது என்ன எழுத்து மிஸ்?" என்று கேட்டிருந்தார். சமஸ்கிருதம் எழுதும் கிரந்த எழுத்து போலத் தெரிந்தது, ஆனால் படம் மங்கல். நான் அப்போது கொழும்பில் நின்றேன். "நாலு நாளில் வருகிறேன். கல்லை அப்படியே விட்டு வையுங்கள்" என்று பதில் போட்டேன்.

நாலாம் நாள் போனால் குளக்கட்டில் கல் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கோயில் வாசலில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பொச்சால் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, பட்டும் சுற்றியாகிவிட்டது. எழுத்துகளுக்குள் சிவப்பு எனாமல் பெயின்ற் மினுங்கியது. பரிபாலன சபைத் தலைவர் முகம் நிறைந்த சிரிப்போடு வந்தார். "பிள்ளை, உங்களுக்கு வாசிக்கச் சுகமா இருக்கட்டும் எண்டுதான் தீட்டினது."

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் இடப்பெயர்வு முழுக்கக் கோயில் விக்கிரகத்தைச் சாக்கில் சுற்றிக் காவியவர். கல்லுக்கு மரியாதை செய்ய அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஆனால் தீட்டியவர் ஊர்ப் பெயின்றர், கிரந்தம் அறியாதவர். கிரந்த எழுத்துகள் சில தமிழ் எழுத்தை ஒத்திருக்கும். அவற்றையெல்லாம் தமிழாக்கிவிட்டார். கல்லில் இருந்த வெடிப்பு ஒன்றைத் துணைக்கால் என்று நினைத்து இழுத்துவிட்டிருந்தார். தொடக்கத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்பதை வாசிக்க முடிந்தது. அரசன் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் பெயின்றரின் கையெழுத்துதான் இருந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு குளக்கட்டில். கல் எந்த இடத்தில் கிளம்பியது என்று பெக்கோ ஓட்டிய தம்பியிடம் கேட்டேன். முதலில் ஒரு பாலை மரத்தைக் காட்டினார், பிறகு "இல்லை அக்கா, இன்னும் அங்கால" என்றார். கூட வேறு ஏதும் வந்ததா? "செங்கல் துண்டு கனக்க வந்தது. எல்லாத்தையும் கட்டுக்கே போட்டு அமத்தியாச்சு." ஒரு பழைய கட்டடத்தின் அத்திவாரம் குளக்கட்டுக்குள் போய்விட்டது. அந்தக் கல் அங்கேயே நின்றதா, வேறெங்கோ இருந்த கோயிலிலிருந்து துருசு (குளத்து மதகு) கட்டக் கொண்டுவந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. வன்னியில் கோயில் கல் துருசுக்குப் போவதும், துருசுக் கல் வீட்டுப் படியாவதும் புதினமில்லை. இலிங்கத்தின் பீடமான ஆவுடையார் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு கிணற்றடியை நான் கண்டிருக்கிறேன். ஒரு பக்கம் நீண்டிருந்த கோமுகை சவர்க்காரம் வைக்க வசதியாம்.

என் வேலை பழைய கோயில்களையும் அவற்றின் சமஸ்கிருத, தமிழ்ச் சாசனங்களையும் ஆராய்வது. "சமஸ்கிருதம் படிச்சனீங்களோ? அப்ப மந்திரம் எல்லாம் தெரியுமோ?" என்று ஊரில் கேட்பார்கள். மந்திரம் தெரியாது. ஆனால் ஒரு கல் எந்த வருடத்தது என்று பார்க்க எனக்கு அந்த மொழி வேண்டும். ஜாவாவில் சங்கல் என்ற இடத்தில் சஞ்சயன் என்ற அரசன் இலிங்கம் நாட்டிய செய்தியைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஆண்டு எண்ணாக இல்லை. 'சுருதி, இந்திரியம், ரசம்' என்று மூன்று சொற்கள்தான். வேதம் நாலு, புலன் ஐந்து, சுவை ஆறு. பின்னிருந்து வாசித்தால் 654, அதாவது சக ஆண்டு. அதோடு 78ஐக் கூட்டினால் கி.பி. 732. இது தெரியாத ஒருவர் அந்த வரியை ஏதோ தத்துவம் என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்.

அப்புறம் இன்னொன்று. சமஸ்கிருதத்தை மட்டும் படித்தவர்களும் பாதிதான் வாசிப்பார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழர் கொடுத்த செய்தியைச் சொல்பவை லெய்டன் செப்பேடுகள். 21 ஏட்டில் ஐந்து சமஸ்கிருதம், பதினாறு தமிழ். அரசனின் குலப்புகழ் சமஸ்கிருதத்தில். எல்லை எது, வரி எது என்பதெல்லாம் தமிழில். கம்போடிய அரசின் கீழ் 1052ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட ஸ்டொக் கக் தொம் கல்வெட்டிலும் இதே பங்கீடுதான். புகழ் சமஸ்கிருதம், காணி பூமிக் கணக்கு கெமர் மொழி. எனக்கு எப்போதும் கணக்குப் பகுதியில்தான் ருசி. புகழில் எல்லா அரசனும் ஒரேமாதிரி சூரியனாகத்தான் இருக்கிறான்.

கிரந்தம் என்பது மொழி அல்ல, எழுத்து. தென்னாட்டில் சமஸ்கிருதம் எழுத வந்த எழுத்து. கல்லில் கிரந்த எழுத்து இரண்டைக் கண்டவுடன் 'சமஸ்கிருதக் கல்வெட்டு' என்று முகநூலில் போட்டுவிடுகிறார்கள். தமிழ்க் கல்வெட்டுகளே பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கிரந்தத்தில் தொடங்கித் தமிழில் இறங்குபவைதான். அதேபோல் பழைய பிராமி எழுத்தைக் கண்டவுடன் ஒரு பக்கத்தார் "எங்களுடையது" என்கிறார்கள், இன்னொரு பக்கத்தார் அதை மறைக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பேருமே வாசிக்கவில்லை.

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக்கு வாருங்கள். அங்கே குகைக் கல்வெட்டு ஒன்று பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் இருக்கிறது. 'தமேட வணிஜ கஹபதி விசாக' என்பவரின் குகை அது என்கிறது. தமேட என்றால் தமிழர். வணிகர், குடும்பத் தலைவர், பெயர் விசாகன். பிராகிருதம் என்பதால் தமிழன் இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழன் என்பதால் பௌத்தப் பிக்குகளுக்குக் குகை கொடுத்திருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது. வன்னியின் தெற்கு விளிம்பில் பதவியாவில் கிடைத்த கல்வெட்டு இன்னும் வேடிக்கை. மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம், கட்டியது பௌத்த விகாரை, அதற்குக் காவல் தென்னிந்தியக் கூலிப்படையான வேளைக்காரப் படை. அதே பதவியாவில் சோழர் காலச் சிவன் கோயிலும் இருந்தது. இந்தக் கல்லை எந்தக் கட்சிக்காரரின் மேடையில் ஏற்றுவது?

ஆகவே கல் கிளம்பியதும் ஊருக்கு முதலில் வந்து சேர்வது சண்டைதான், நாங்கள் பிறகுதான் வருகிறோம். மேலிடத்துக்குச் சொன்னால் தொல்பொருள் இடம் என்று காணிக்குப் பலகை நட்டுவிடுவார்கள் என்ற பயம் எங்கள் சனத்துக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. ஆனால் பயந்து கல்லை ஒளிப்பதும் புதைப்பதும் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரத்தை நீங்களே அழிப்பது. கிளம்பிய இடத்திலேயே, கிளம்பிய அன்றே, திகதி தெரியப் படம் எடுத்துப் பத்துப் பேரின் போனில் வைத்திருங்கள். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் ஒரு படம் போகட்டும். அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். அது கோயில் சபைக்கும் பொருந்தும், ஒப்பந்தக்காரருக்கும் பொருந்தும். கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட அபிவிருத்தி வேலை என்றால் முதலில் தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலிருந்து விதி இருக்கிறது. கிரவல் அள்ள மேடு ஒன்றைக் காட்டும்போது இதை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

படம் எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. பின்னேரம் வெயில் சரியும்போது எடுங்கள். இல்லாவிட்டால் இரவில் டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி வரும். சோக்கட்டி, மாவு, விபூதி, ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்தால் போதும். நாங்கள் வந்தால் மைப்படி எடுப்போம். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் மெல்ல அடித்து வெட்டுக்குள் இறக்கி, ஈரம் காயும் தறுவாயில் மை ஒற்றுவது. எழுத்து வெள்ளையாகவும் சுற்றுவட்டம் கறுப்பாகவும் தாளில் விழும். பெயின்ற் நிறைந்த வெட்டுக்குள் தாள் இறங்காது. அதனால்தான் அந்த எனாமலைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

புதையல்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் பழைய கோயில் அடித்தளம் எங்கே இருந்தாலும் நடுவில் ஒரு கிடங்கு இருக்கும். இரவில் வந்து தோண்டியது. கோயில் எழுப்பும்போது அடியில் குழி குழியாக வெட்டிய ஒரு கல் வைப்பார்கள். ஒன்பது குழி, இருபத்தைந்து குழி என்று இருக்கும். இந்தச் சடங்குக்குக் கர்ப்பந்யாசம் என்று பெயர். எந்தக் குழியில் எதை இட வேண்டும் என்று மயமதம் முதலிய சமஸ்கிருதச் சிற்ப நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. தானியம், மூலிகைக் கிழங்கு, மண், உலோகத் துண்டு, சிறு மணிக்கற்கள். கிடாரம் நிறையத் தங்கம் என்று எந்த நூலும் சொல்லவில்லை. தோண்டுகிறவர் பூசாரியைக் கூட்டி வருகிறார், மை போட்டுப் பார்க்கிறார், சேவல் அறுக்கிறார். அந்த நூலில் ஒரு பக்கத்தை வாசித்திருந்தால் எல்லாச் செலவும் மிச்சம். அவர் உடைத்தெறிந்த குழிக்கல்தான் கோயில் எப்போது, யார் முறைப்படி எழுந்தது என்று சொல்லக்கூடியது.

திருத்த வேலை என்ற பெயரில் நடப்பதும் சளைத்ததல்ல. கும்பாபிஷேகத்துக்கு முன் பழைய அதிட்டானத்தின் (கோயிலைத் தாங்கும் அடிக்கட்டு) மேல் சீமெந்து பூசி, அதன் மேல் மாபிள் ஓடு ஒட்டுகிறார்கள். கல்வெட்டு பெரும்பாலும் வெளிச்சுவரிலும் அதிட்டானத்துக் கல்லடுக்குகளிலும்தான் இருக்கும். (பெண் என்று கருவறைக்குள் என்னை விடமாட்டார்கள். பரவாயில்லை, எனக்கு வேண்டியது வெளியில்தான்.) ஓடு ஒட்டும் முன் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள்.

இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: வாருங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள். உயர்தரத்தில் வரலாறு எடுங்கள், முடிந்தால் சமஸ்கிருதமும். சமஸ்கிருதம் படிப்பிக்க வன்னியில் ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். நான் ஓய்வுபெற்ற ஒருவரிடம் கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் போய்ப் படித்தேன். பட்டத்துக்குப் பிறகு கொழும்பில் 1986இல் தொடங்கிய தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது. வேலை குறைவு. பல வருடம் ஒப்பந்தத்தில்தான் ஓடும். சிங்களம் கட்டாயம் தெரிய வேண்டும், அறிக்கையும் கடிதமும் அதில்தான் வரும். நுளம்பு, அட்டை, யானை மூன்றும் உண்டு. போர் நடந்த காட்டுக்குள் கண்ணிவெடி அகற்றிய சான்று இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

ஆனால் மன்னார்ப் பக்கம் மாந்தையில் ஒரு நாள் நின்று பாருங்கள். அங்கே அகழ்ந்த மண்ணைச் சலித்தபோது கராம்பு ஒன்று கிடைத்தது. ஆயிரம் வருடப் பழசு. கராம்பு அந்தக் காலத்தில் விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அதே காலத்தில் தாழி குமரன் என்ற சோழ நாட்டவர் மாதோட்டம் என்ற இதே மாந்தையில் இராசராச ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலை எடுப்பித்தார். கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கோயில் இல்லை. அதற்கும் முன்னே, தாய்லாந்தின் தக்குவாபாவில் தமிழர் குளம் ஒன்றை வெட்டி, அவனிநாரணம் என்று பெயர் வைத்து, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டார்கள். கடல் கடந்து போயும் குளத்தை மறக்காதவர்கள். அந்தக் கல்வெட்டை முதன்முதல் வாசித்த அன்று, எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

அந்தப் பெயின்ற் கல் இன்னும் கோயில் வாசலில்தான் நிற்கிறது. சென்ற மாதம் தலைவரோடு திரும்பப் பேசினேன். வல்லுநர் ஒருவரைக் கொண்டு, கல்லுக்குச் சேதம் வராமல் எனாமலைக் கழற்ற ஒருவாறு சம்மதித்துவிட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மெல்லக் கேட்டார்: "கழட்டின பிறகு என்ன கலர் அடிக்கலாம் பிள்ளை?"