பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு

திங்கட்கிழமை காலையில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மா, உட்காரும் முன்பே கைபேசியை நீட்டினார். படத்தில் அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கதவு. அவர் போட்ட பூட்டுக்கு மேல் புதிதாக இன்னொரு பூட்டு, ஓனர் போட்டது. ஊரில் ஒரு சாவுக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பியிருக்கிறார். உள்ளே தையல் மெஷின், தைக்க வாங்கிய ரவிக்கைத் துணிகள். "சார், உடைச்சிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். உடைத்தால் எதிர்ப்புகார் ஒன்று தயாராகிவிடும். படம் எடுத்தாயிற்று, நல்லது. அடுத்து காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லித்தான் அனுப்பப் பார்ப்பார்கள். வாடகைத் தகராறு சிவில்தான், சரி. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் அவர் பொருளையும் சேர்த்துப் பூட்டுவது அதோடு முடிகிற விஷயமில்லை. ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

வீடு ஓனருடையது; சுவாதீனம், அதாவது வீட்டைக் கைவசம் வைத்திருப்பது, குடியிருப்பவருடையது. அதைப் பறிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்தரவில்லாமல் வெளியேற்றினால், குறித்தவகை நிவாரணச் சட்டம் (1963) பிரிவு 6-ன் கீழ் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். 'வீடு யாருடையது' என்ற கேள்வியே அங்கு எழாது.

பூட்டு போடாத ஓனர்கள் மோட்டாரை நிறுத்துவார்கள், மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் பிரிவு 20 இதற்காகவே இருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு வாங்க முடியும். காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் ஓனர் போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். அங்கும் பிரிவு 21-ல் சொல்லியிருக்கிற காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். சண்டை வந்ததும், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று வாடகையை நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்தவற்றில் வாடகைதாரர் தோற்ற வழக்குகள் பலவும் இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியவை. 2 மாத வாடகை பாக்கி, அதைக் கேட்டு நோட்டீஸ், நோட்டீஸ் வந்து ஒரு மாதமாகியும் கட்டவில்லை: ஓனருக்கு வேறெதுவும் தேவையில்லை. அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள்; திரும்பி வந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடமே செலுத்தலாம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இனிமேல் ஜிபே பண்ணுங்கள். அந்த அம்மாவைக் காப்பாற்றியதும் எட்டு மாத ஜிபே பதிவுகள்தான்.

அவர் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. கையிலிருந்தது 11 மாத ஒப்பந்தம், அதுவும் முடிந்துபோய் மூன்று வருடம். 11 மாதம் என்ற வழக்கம், ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து தப்பிக்க வந்தது. புதிய சட்டத்தில் அந்தத் தந்திரம் எடுபடாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். ஓனர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தாலும் அடி விழுவது நமக்குத்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் நிலைமை அதுதான்.

"பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா வீடு நமக்குத்தான்" என்று டீக்கடையில் சட்டம் சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். வாடகைக்கு என்று நுழைந்தவர் வாடகைதாரராக இருக்கும்வரை எத்தனை வருடமானாலும் வாடகைதாரர்தான்.

வக்கீல் நோட்டீஸ் போன நான்காம் நாள் ஓனரே வந்து பூட்டை எடுத்தார். அப்புறம் முறையாக வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டார், ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி. அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்: இழுக்கலாம், ஜெயிப்பது கடினம். பேசி முடித்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை ஆறு மாத அவகாசம். சட்டப்படி காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸை, சாவி கொடுக்கும் அன்றே தருவதாக எழுதி வாங்கினோம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு: பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.

சாவி கொடுத்த அன்று, நான் சொல்லாமலே, மீட்டர் ரீடிங்கையும் காலி அறைகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.